கண்ணாடிக்காரர்களுக்குக் கண் பேட்ச்: நழுவினால், உறுத்தினால், எட்டிப் பார்த்தால் என்ன செய்வது

மருந்துக் கடையில் கிடைக்கும் கண் பேட்ச் பெரும்பாலும் வெறும் முகத்துக்காகச் செய்யப்பட்டது. அதன்மேல் மூக்குக்கண்ணாடி ஏறும்போதுதான் வம்பு ஆரம்பிக்கிறது. கண்ணாடி தூக்கிக்கொண்டு நிற்கும், இமைமுடி உரசும், லென்ஸில் ஆவி படியும், குழந்தையாக இருந்தால் பத்தே நிமிடத்தில் கழற்றி எறியும். வீட்டிலோ தெருமுனை டெய்லர் அக்காவிடமோ கொடுத்துச் சரிசெய்துகொள்ளக் கூடிய கோளாறுகள்தான் இவற்றில் முக்கால்வாசி. அறிகுறி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அதற்கு நேராகப் போய்விடலாம். அதற்கு முன்னால் அடுத்த இரண்டு பகுதிகளை மட்டும் படித்துவிடுங்கள்.

ஒரு பேட்ச் நன்றாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க எல்லோரும் மூடிய கண்ணையே உற்றுப் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது திறந்திருக்கும் கண்ணை. அதன் முன்னால் லென்ஸ் எங்கே நிற்கிறது? கருமணி லென்ஸின் நடுவில் தெரிகிறதா, மேல் விளிம்புக்குப் பக்கத்தில் ஏறிவிட்டதா? பேட்ச் போடுவதே அந்தக் கண் ஒழுங்காகப் பார்க்கட்டும் என்றுதான். மூடிய பக்கம் பஞ்சு மெத்தையாக இருந்தும் மறுபக்க லென்ஸ் கோணிக்கொண்டு நின்றால் அந்த பேட்ச் தேறாது.

தைப்பதற்கு முன்: இவை இருந்தால் ஊசியைக் கீழே வையுங்கள்

கண் திடீரென்று சிவந்து வலித்தால், சீழ் வடிந்தால், வெளிச்சம் பட்டாலே கூசிக் கண்ணீர் கொட்டினால் அது பேட்சின் கோளாறு என்று நினைத்து நாளைக் கடத்தாதீர்கள். பெரியவர் ஒருவருக்குத் திடீரென்று பொருள்கள் இரண்டு இரண்டாகத் தெரிய ஆரம்பித்தால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கூடவே வாய் கோணல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி இருந்தால் 108ஐக் கூப்பிடுங்கள்.

முகவாதம் வந்து இமை மூடாதவர்கள் விஷயம் தனி. பேட்சுக்கு அடியில் இமை திறந்துகொண்டால் துணி நேராகக் கருவிழியில் உரசும். கருவிழியில் கீறல் விழுந்து புண்ணாகிவிடும். அவர்களுக்கு வேண்டியது கண் காயாமல் வைக்கும் சொட்டு மருந்தும் களிம்பும், ராத்திரியில் இமையை மூடி டேப் ஒட்டும் முறையும். எந்த டேப், எப்படி ஒட்டுவது என்பதை மருத்துவமனையில் செய்து காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். கீழே உள்ள தையல் வேலை எதுவும் அவர்களுக்கு இல்லை.

புரை அறுவைக்குப் பின் தரும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் மூடியும் இந்தக் கணக்கில் வராது. அது கண்ணை இடியிலிருந்து காக்க வந்தது. வசதிக்காக அதை வெட்டாதீர்கள்.

எதற்காக மூடுகிறோம்?

மூன்று வகைக் காரணங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பேட்ச் வேறு.

சோம்பேறிக் கண் உள்ள குழந்தைக்கு நன்றாகப் பார்க்கும் கண்ணை மூடி, பார்வை குறைந்த கண்ணை வேலை வாங்குகிறோம். இங்கே ஒளி கசியக் கூடாது, எட்டிப் பார்க்கவும் முடியக் கூடாது. பக்கவாதம், நரம்புத் தளர்ச்சி போன்றவற்றால் இரட்டைப் பார்வை வந்த பெரியவருக்கு ஒரு கண்ணின் பிம்பம் மங்கினாலே போதும், இருட்டடிப்பு தேவையில்லை. மூன்றாவது, ஒரு கண்ணை இழந்தவர் அல்லது அந்தப் பக்கம் வெளிச்சம் தாங்காதவர். இவருக்கு நாள் முழுக்க, வருடக்கணக்கில் போட வேண்டியிருக்கும் என்பதால் தோலுக்கு இதமாக இருப்பதுதான் முதல் வேலை.

பேட்சிலும் மூன்று ஜாதி. தோலில் நேராக ஒட்டுவது, எலாஸ்டிக் போட்டுத் தலையில் கட்டுவது, கண்ணாடியின் லென்ஸில் மாட்டுவது. தினமும் கண்ணாடி போடுகிறவர்களுக்கு மூன்றாவதில்தான் தொல்லை குறைவு என்பது என் கட்சி. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு: எட்டிப் பார்ப்பதில் கெட்டிக்காரக் குழந்தைகள். அவர்களுக்குத் தோலில் ஒட்டுவதை மிஞ்ச ஒன்றும் இல்லை. மருத்துவர்கள் முதலில் அதைச் சொல்வதற்கும் இதுதான் காரணம்.

கண்ணாடி தூக்கிக்கொண்டு நிற்கிறது, அல்லது மூக்கில் வழுக்கி இறங்குகிறது

அதிகம் கேட்கும் புகார் இதுதான். அதிகம் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான்.

முதலில் மூக்குப் பக்கம் பாருங்கள். கண்ணாடியின் எடையைப் பெரும்பாலும் தாங்குவது மூக்கின் இரண்டு பக்கமும் உட்காரும் சின்ன சிலிக்கான் நோஸ் பேட்கள். ஒட்டும் பேட்சின் முனையோ துணியின் மடிப்போ அந்த நோஸ் பேடுக்கு அடியில் போய்விட்டால் இரண்டு கோளாறு வரும். அந்தப் பக்கம் மட்டும் ஃபிரேம் உயர்ந்து முழுக் கண்ணாடியும் கோணும். அப்புறம், தோலைப் பிடித்துக்கொள்ளும் சிலிக்கான் பேட்சின் வழவழப்பான மேற்பரப்பில் பிடிப்பில்லாமல் சறுக்கும். வியர்வையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இதனால் என்ன ஆகிவிடும் என்று கேட்டால் ஒரு கணக்கு. சோம்பேறிக் கண் உள்ள பல குழந்தைகளுக்கு அந்தக் கண்ணில்தான் பிளஸ் பவர் அதிகம். +6 பவர் லென்ஸ் 5 மி.மீ. இறங்கினால், 1 மீட்டர் தள்ளியிருக்கும் பொருள் இருக்கும் இடத்திலிருந்து 3 செ.மீ. விலகித் தெரியும். ஒரு கண்தான் பார்க்கிறது என்பதால் இரட்டையாகத் தெரியாது, குழந்தையும் குறை சொல்லாது. ஆனால் லென்ஸின் ஓரத்தில் பிம்பம் அவ்வளவு தெளிவாக இருக்காது. இன்னும் இறங்கினால் குழந்தை ஃபிரேமுக்கு மேலாகவே பார்க்க ஆரம்பிக்கும். அதாவது, பவரே இல்லாமல். நல்ல கண்ணையும் மூடிவிட்டு, குறைக் கண்ணுக்கு வேண்டிய கண்ணாடியையும் பிடுங்கிக்கொண்ட கதைதான். பேட்ச் போட்டும் பலனில்லை என்று வருகிறவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

சரிசெய்வது எளிது. ஒட்டும் பேட்ச் என்றால், ஒட்டிய பின் கண்ணாடியைப் போட்டு, நோஸ் பேட் விழும் இடத்தைப் பேனாவால் லேசாகக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த பேட்சில் அந்த மூலையை மட்டும் கத்தரியால் வளைவாக வெட்டி எடுங்கள். இரண்டு மூன்று மி.மீ. போதும். அதற்கு மேல் வெட்டினால் மூக்கோரம் திறந்துகொள்ளும். அகலமான முனை மூக்குப் பக்கம் வந்திருந்தால் திருப்பி ஒட்டிப் பாருங்கள், பல முகங்களில் அதுவே தீர்த்துவிடும்.

துணி பேட்ச் என்றால் நோஸ் பேடும் அதன் மெல்லிய கம்பியும் துணிக்கு வெளியே வரும்படி உள்பக்கத் துணியில் அரைவட்டமாகக் கழிக்க வேண்டும். வார்ப்பாகவே மூக்குப் பகுதி வரும் பிளாஸ்டிக் ஃபிரேமில் கம்பி கிடையாது. அங்கே துணி மூக்கைத் தொடும் இடத்துக்கு 2 மி.மீ. முன்னாலேயே நின்றுவிட வேண்டும்.

இவ்வளவும் செய்தும் இறங்கினால் கோளாறு கண்ணாடியில்தான். கண்ணாடிக் கடைக்குப் போய் சைடு கம்பியின் வளைவைக் காதுக்குப் பின்னால் சரியாகப் பிடிக்கும்படி சூடு காட்டி வளைத்துத் தரச் சொல்லுங்கள். பேட்ச் போட்டபடியே போங்கள். வெறும் முகத்தில் அளவு பார்த்தால் வீட்டுக்கு வந்ததும் பழைய கதைதான்.

இமைமுடி உரசுகிறது, கண் திறக்க முடியவில்லை என்கிறார்

இதில் இரண்டு அளவுகள் மோதுகின்றன. வழக்கமாக லென்ஸின் பின்புறத்துக்கும் கருவிழிக்கும் நடுவே 12 முதல் 14 மி.மீ. இடைவெளி இருக்கும். மேல் இமைமுடியின் நீளமே 8 முதல் 12 மி.மீ. ஆக, கண்ணாடி மட்டும் போட்டிருக்கும்போதே நீண்ட இமைமுடிக்காரர்களுக்கு லென்ஸில் உரசும். அந்த இடுக்கில் 3 மி.மீ. துணியை நுழைத்தால் இமை முட்டாமல் எங்கே போகும்?

வெறும் முகத்துக்கான பேட்சில் இதைக் குழிவு வைத்துத் தீர்ப்பார்கள். டார்ட் பிடித்துக் கிண்ணம் போலக் குவித்துவிட்டால் இமை சுதந்திரமாக அடிக்கும். கண்ணாடிக்குள் அந்தக் குழிவுக்கு இடமில்லை. லென்ஸ் அதை அமுக்கும், அமுங்கியது இமையை அமுக்கும், இல்லையென்றால் கண்ணாடியே முன்னால் தள்ளிப்போகும்.

அதனால் கனத்தை எல்லாம் லென்ஸுக்கு வெளியே கொண்டுபோய்விடுங்கள். தலையணை உறை மாதிரி இரண்டு அடுக்காகத் தைத்து, நடுவில் லென்ஸ் நுழையும்படி செய்வதுதான் நான் சொல்லும் வடிவம். வெளிப்பக்கம் என்ன கனமான துணியும் இருக்கலாம்: ஃபெல்ட், பழைய ஜீன்ஸ், காலர் கேன்வாஸ் வைத்த காட்டன். கண் பக்கம் ஒரே ஒரு மெல்லிய அடுக்கு, ரவிக்கைக்குப் போடும் டூ பை டூ லைனிங் துணி போதும். நல்ல கறுப்பு நிறத்தில் எடுங்கள். வெளிர் நிறத்தில் தைத்தால் பக்கவாட்டில் நுழையும் வெளிச்சம் துணியில் பட்டுக் கண்ணுக்குள் அடிக்கும். ஒளியைத் தடுக்கிற வேலையை வெளி அடுக்கு செய்துகொள்ளும். உள் அடுக்குக்கு லென்ஸின் விளிம்பைப் பிடித்துக்கொள்கிற வேலை மட்டும்தான்.

அளவு எடுக்கும் முறை இது. கண்ணாடியைக் கழற்றி, லென்ஸ் முகப்பைக் காகிதத்தின்மேல் கவிழ்த்து, ஃபிரேமின் வெளிவிளிம்பைச் சுற்றிப் பென்சிலால் வரையுங்கள். கண்ணாடி கீறாமல் இருக்க நடுவில் ஒரு மெல்லிய துணி. சைடு கம்பியின் உள்பக்கம் 50□18‑140 என்பது போல எண்கள் அச்சிட்டிருக்கும். முதல் எண் லென்ஸின் அகலம், இரண்டாவது இரண்டு லென்ஸுக்கும் நடுவே உள்ள மூக்குப் பாலம், மூன்றாவது கம்பியின் நீளம், எல்லாம் மி.மீ. கணக்கு. வரைந்ததன் அகலம் முதல் எண்ணைவிடச் சில மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும், ஃபிரேமின் கனம் சேருவதால். குறைவாக வந்தால் பென்சில் உள்ளே சாய்ந்துவிட்டது என்று அர்த்தம், மறுபடி வரையுங்கள்.

அந்தக் கோட்டுக்கு வெளியே தையலுக்கு 6 மி.மீ. விட்டு வெட்டவும். இரண்டு அடுக்கையும் நல்ல பக்கம் உள்ளே வரும்படி வைத்து, மேலும் கீழும் வெளிக் காதுப் பக்கமும் சிறு பின்தையல் போடுங்கள். மூக்குப் பக்கத்தைத் திறந்தே விடுங்கள். காதுப் பக்கம் கீல் வரும் உயரத்தில் மட்டும் ஒரு பிளவு, கம்பி வெளியே வரும் அளவுக்கு. போடும்போது சைடு கம்பியை மூக்குப் பக்கத் திறப்பு வழியாக விட்டு, பிளவு வழியாக இழுத்து, உறையை லென்ஸ்மேல் நகர்த்த வேண்டும். இறுக்கமாக ஏறினால் நல்லது. தொளதொளவென்று இருந்தால் உள் அடுக்கு சுருங்கி இமையில் படும். அப்படி இருந்தால் மேல் தையலை 1 மி.மீ. உள்ளே தள்ளுங்கள்.

துணியை வெட்டுவதற்கு முன்பே ஒரு முறை நனைத்துக் காயவைத்துவிடுங்கள். முதல் துவைப்பில் காட்டன் சுருங்கினால் உறை லென்ஸில் ஏறவே ஏறாது.

குழந்தை எட்டிப் பார்க்கிறது

குழந்தையைத் திட்டாதீர்கள். நன்றாகத் தெரியும் கண்ணை மூடிவிட்டுத் தெரியாத கண்ணால் டிவி பார் என்றால் யாராக இருந்தாலும் இடுக்கு தேடத்தான் செய்வார்கள். எந்த இடுக்கைத் தேடுகிறது என்பதைத் தலையே காட்டிக்கொடுத்துவிடும். முகவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு பார்த்தால் மேல் விளிம்பில் வழி இருக்கிறது. முகவாயைத் தூக்கினால் கன்னத்துப் பக்கம். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பினால் காதோரமோ மூக்கோரமோ.

சந்தேகமாக இருந்தால் சோதித்துப் பாருங்கள். பேட்சும் கண்ணாடியும் போட்டபடி குழந்தையை உட்காரவையுங்கள். திறந்திருக்கும் கண்ணை உங்கள் உள்ளங்கையால், அழுத்தாமல், லென்ஸோடு சேர்த்து மூடுங்கள். இப்போது இரண்டு கண்ணும் மூடியாகிவிட்டது. வேறு ஒருவர் சத்தம் செய்யாமல் ஒரு பொம்மையை மேலே, கீழே, வலது, இடது என்று ஒவ்வொரு பக்கமாகக் காட்டட்டும். என்ன பொம்மை என்று குழந்தை சரியாகச் சொல்லும் திசையில்தான் ஓட்டை. விளையாட்டாகச் செய்தால் குழந்தையும் ஒத்துழைக்கும், வழியையும் அதுவே சொல்லிக்கொடுக்கும்.

காதோரம் ஓட்டை என்றால் உறையின் வெளிப்பக்கத்தோடு ஒரு சிறகு சேர்த்துத் தைக்க வேண்டும். சைடு கம்பியின் ஓரமாக 25 முதல் 30 மி.மீ. நீளம், உறையின் உயரத்துக்கே. கம்பியை உள்ளே விட்டு மடித்து ஒரு பட்டனோ வெல்க்ரோவோ வையுங்கள். வெல்க்ரோவின் கரடுமுரடான பக்கம் பொட்டுத் தோலில் படாமல் வெளியே பார்த்திருக்கட்டும். மூக்கோரம் என்றால் உள் அடுக்கில் நோஸ் பேடுக்கு மேலேயும் கீழேயும் நாக்கு மாதிரி இரண்டு சிறு துண்டுகள், மூக்கின் சரிவைத் தொட்டும் தொடாமலும். இதற்கு ஃபெல்ட் நல்லது. வெட்டிய விளிம்பு பிரியாது, அதனால் மடித்துத் தைக்க வேண்டியதில்லை.

மேல் விளிம்பு இருப்பதிலேயே கஷ்டமானது. புருவத்தை ஒட்டி மெத்தை மாதிரி ஒன்றைத் தைத்தால் எட்டிப் பார்ப்பது நிற்கும், கூடவே கண்ணாடி முன்னால் தள்ளிக்கொள்ளும். அதாவது ஒன்றைச் சரிசெய்து முதல் கோளாறுக்கே திரும்புகிறோம். நான் அங்கே போராட மாட்டேன். மேல் வழியாக எட்டிப் பார்க்கப் பழகிவிட்ட குழந்தைக்குத் துணி பேட்சை மூட்டைகட்டி வைத்துவிட்டு, கொஞ்ச காலம் தோலில் ஒட்டுவதற்கே போய்விடுங்கள். ஃபிரேம் சிறியதாக இருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். அடுத்த கண்ணாடி வாங்கும்போது லென்ஸ் புருவம் வரை வருகிறதா என்று பாருங்கள்.

ஒட்டும் பேட்ச் எடுத்த இடம் சிவந்து, தோல் உரிகிறது

பெரும்பாலும் எடுக்கும் விதத்தில்தான் தப்பு. பிளாஸ்டரைப் பிடுங்குவது போல மேல்நோக்கி இழுத்தால் மேல்தோல் கூடவே வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சை விளிம்பில் ஒற்றி ஊறவிடுங்கள். அப்புறம் காதுப் பக்கத்திலிருந்து மூக்கை நோக்கி, பேட்சைத் தோலோடு படுக்கவைத்தபடியே மெதுவாக மடித்து எடுங்கள். இன்னொரு கை விரல் தோலைப் பிடித்திருக்க வேண்டும். குளிக்கும்போது எடுப்பது இன்னும் சுலபம்.

புதுப் பேட்சின் பசை கடுமையாக இருந்தால், முகத்தில் ஒட்டுவதற்கு முன் உங்கள் புறங்கையிலோ சுத்தமான துணியிலோ இரண்டு மூன்று முறை ஒட்டி எடுங்கள். தேங்காய் எண்ணெய் தடவுவதானால் கழற்றிய பிறகு, ராத்திரியில், கண்ணுக்குள் போகாமல். காலையில் எண்ணெய்ப் பசையோடு ஒட்டினால் பேட்ச் நிற்காது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கோணத்தை மாற்றி ஒட்டினால் ஒரே இடத்துத் தோல் அடிபடாது.

சிவப்பு பேட்சின் வடிவத்திலேயே, கொப்புளத்தோடு, அரிப்போடு இருந்தால் அது ஒவ்வாமை. வேறு பிராண்டு மாற்றுவதற்கு முன் மருத்துவரிடம் காட்டுங்கள். தோல் ஆறும்வரை துணி உறையைப் போடலாமா என்றும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

லென்ஸில் ஆவி படிகிறது, உள்ளே வேர்க்கிறது

மூடிய பக்க லென்ஸில் ஆவி படிந்தால் யாருக்கும் நஷ்டமில்லை, அது பார்க்கப்போவதில்லை. திறந்த பக்கம் படிகிறதா என்பதுதான் கேள்வி. கட்டும் பேட்ச் அல்லது பெரிய ஒட்டும் பேட்ச் கன்னத்து வெப்பத்தைத் தடுத்து மறுபக்கம் திருப்பிவிடுவதும், ஃபிரேம் முகத்தோடு மிக நெருங்கி உட்கார்வதும் காரணமாக இருக்கலாம். கன்னத்துப் பக்கம் உறையின் கீழ் விளிம்பை 2 மி.மீ. குறைத்துப் பாருங்கள். எட்டிப் பார்க்காத பெரியவராக இருந்தால் தாராளமாகக் குறைக்கலாம்.

சித்திரை வெயிலில் பாலியெஸ்டர் ஃபெல்ட் கொதிக்கும். முகத்துப் பக்கம் காட்டன் மட்டும் இருக்கட்டும், மதியத்துக்கு மேல் மாற்ற இன்னொன்று கையில் இருக்கட்டும். ஈரமான உறையை அப்படியே போட்டுக்கொண்டிருந்தால் தோலில் வேர்க்குரு வரும்.

காதுக்குப் பின்னால் வலி, நெற்றியில் தழும்பு

இது எலாஸ்டிக் கட்டும் பேட்சின் புகார். சைடு கம்பியும் எலாஸ்டிக்கும் ஒரே இடத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் காதின் மேல் மடிப்பு நொந்துபோகும். பேட்சை முதலில் கட்டி, எலாஸ்டிக்கைக் காதுக்கு மேலாக ஒரு விரல் அளவு உயர்த்தி, அப்புறம் கண்ணாடியைப் போடுங்கள். உருண்டையான நூல் எலாஸ்டிக் வேண்டாம், 6 முதல் 8 மி.மீ. அகலமுள்ள தட்டை எலாஸ்டிக் போதும். தலைச்சுற்றளவைவிட 3, 4 செ.மீ. குறைவாக வைத்தால் நிற்கும். அதற்கும் குறைத்தால் கண்ணை அழுத்தும். கழற்றியதும் அந்தக் கண் சில நிமிடம் மங்கலாகத் தெரிந்தால் அழுத்தம் அதிகம் என்று எடுத்துக்கொள்ளலாம். தளர்த்திய பிறகும் மங்கினால் மருத்துவரிடம் போங்கள்.

பெரியவருக்கு இரட்டைப் பார்வை: பேட்ச் போட்டால் நடக்கப் பயமாக இருக்கிறது

முதலில் ஒரு சோதனை. ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் கண்ணை மூடினாலும் இரட்டை மறைந்தால் பேட்ச் உதவும். ஒரு கண்ணை மட்டும் திறந்து வைத்திருக்கும்போதும் இரட்டையாகத் தெரிந்தால் கோளாறு அந்தக் கண்ணுக்குள்ளேயே, புரையாகவோ சரியில்லாத பவராகவோ இருக்கலாம். அதற்குப் பேட்ச் போட்டு மறைப்பதில் அர்த்தமில்லை.

உதவும் என்று தெரிந்தால் கறுப்புத் துணிக்குப் போகாதீர்கள். மேட் பூச்சுள்ள, பால் நிறத்தில் மங்கலாகத் தெரியும் செல்லோடேப்பை லென்ஸின் உள்பக்கம் ஒட்டினாலே போதும். பிம்பம் கலைந்துவிடும், வெளிச்சம் உள்ளே வரும், எதிரே இருப்பவருக்கும் உறுத்தலாகத் தெரியாது. முகத்தில் எதுவுமே படாது என்பதால் உறுத்தல், வியர்வை, காது வலி எல்லாம் ஒரே அடியில் தீர்ந்தது. சிலருக்கு லென்ஸ் முழுக்க ஒட்டக்கூடத் தேவையில்லை. நேராகப் பார்க்கும்போது மட்டும் இரட்டை என்றால், கருமணிக்கு நேரே 1 செ.மீ. வட்டமாக ஒரு துண்டு. ஓரப் பார்வை மிஞ்சுவதால் கதவு நிலையில் தோள் இடிப்பது குறையும். படிக்கும்போது மட்டும் தொல்லை என்றால் கீழ்ப் பாதியில் மட்டும். எந்தக் கண்ணில், எந்தப் பகுதியில் என்பதை ஒரு முறை மருத்துவரோடு உட்கார்ந்து முடிவுசெய்துகொள்ளுங்கள். லென்ஸில் ஒட்டும் பிரிசம் தாளால் இரண்டு பிம்பத்தையும் ஒன்றாக்கிவிட முடியுமா என்றும் அப்போதே கேளுங்கள். முடிந்தால் மூடவே வேண்டாம்.

நடக்கப் பயம் நியாயமானது. இரண்டு கண் சேர்ந்து தரும் ஆழம் போய்விட்டது, மூடிய பக்கத்தில் ஒரு துண்டுப் பார்வையும் போய்விட்டது. டம்ளரில் காபி ஊற்றும்போது பாத்திரத்தின் வாய் டம்ளர் விளிம்பைத் தொட்ட பிறகே சாய்க்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் பாதி மேசைக்குத்தான். படியிறங்கும்போது கைப்பிடி. மாடிப்படி ஓரத்தில் பளிச்சென்று ஒரு டேப் ஒட்டினால் நல்லது. வண்டி ஓட்டுவதை மருத்துவர் சரி என்று சொல்லும்வரை நிறுத்திவையுங்கள், தெருமுனைக் கடைக்கு ஸ்கூட்டியில் போய்வருவது உட்பட.

எல்லாம் சரியாக இருக்கிறது, குழந்தை மட்டும் போட மாட்டேன் என்கிறது

உறுத்தல் இல்லை என்று உறுதியானால் பவரைப் பாருங்கள். கண்ணாடி வாங்கி எவ்வளவு நாள் ஆயிற்று? புதுக் கண்ணாடியை மட்டும் சில மாதம் ஒழுங்காகப் போட்டாலே சோம்பேறிக் கண்ணில் பார்வை ஏறும் என்பது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். அதனால் பல மருத்துவர்கள் முதலில் கண்ணாடி, பிறகு பேட்ச் என்று போகிறார்கள். பார்வை கொஞ்சம் ஏறிய பிறகு மூடினால் குழந்தையின் எதிர்ப்பும் குறையும்.

மணிக்கணக்கையும் கேளுங்கள். பாட்டி, அத்தை எல்லோரும் நாள் முழுக்கப் போட்டால் சீக்கிரம் சரியாகும் என்பார்கள். 2003இல் வெளிவந்த அமெரிக்கக் குழந்தைக் கண் மருத்துவர்களின் ஆய்வில், 7 வயதுக்குட்பட்ட, மிதமான பாதிப்புள்ள குழந்தைகளுக்குத் தினமும் 2 மணி நேரம் மூடியதும் 6 மணி நேரம் மூடியதும் ஏறக்குறைய ஒரே பலனைத்தான் தந்தன. உங்கள் குழந்தைக்கு எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நீங்களாகக் கூட்டினால் மூடிய நல்ல கண்ணின் பார்வை குறைகிற ஆபத்தும் இருக்கிறது. சொன்ன தேதியில் சோதனைக்குப் போவது இதற்காகத்தான்.

பேட்சே ஒத்துவராத குழந்தைக்கு நல்ல கண்ணைச் சொட்டு மருந்தால் மங்கவைக்கும் முறையும் உண்டு. அட்ரோபின் என்று பெயர். மிதமான பாதிப்பில் பேட்சுக்குக் கிட்டத்தட்ட ஈடாக வேலை செய்யும் என்று 2002இலேயே அதே குழுவின் ஆய்வு காட்டியது. மருத்துவர் எழுதிக்கொடுத்தால் மட்டுமே போட வேண்டும்.

லென்ஸில் கீறல், உறை தளர்ந்துவிட்டது

உறைக்குள் தூசி சிக்கினால் ஒவ்வொரு முறை ஏற்றி இறக்கும்போதும் லென்ஸ் தேயும். மாட்டுவதற்கு முன் உறையை உள்வெளியாகத் திருப்பி ஒரு தட்டு தட்டுங்கள். வாரம் இருமுறையாவது மைல்டு சோப்பில் கையால் அலசி நிழலில் காயவையுங்கள். செல்லோடேப் ஒட்டிய லென்ஸில் பசை மிஞ்சினால் நகத்தால் சுரண்டாமல், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு விரலால் தேய்த்துக் கழுவுங்கள். நெயில் பாலிஷ் எடுக்கும் அசிட்டோன் வேண்டாம், பிளாஸ்டிக் லென்ஸையும் அதன் பூச்சையும் கெடுத்துவிடும்.

காகித அளவைத் தூக்கி எறியாதீர்கள். அதன் மூலையில் கம்பியில் இருந்த மூன்று எண்களையும் தேதியையும் எழுதி, எந்தப் பக்கம் மூக்கு என்று ஓர் அம்புக்குறியும் போட்டுவையுங்கள். வளரும் குழந்தைக்குக் கண்ணாடி மாறும்போது முதல் இரண்டு எண்களும் ஃபிரேமின் வடிவமும் அப்படியே இருந்தால் பழைய அளவிலேயே தைத்துவிடலாம். எண் ஒன்றாக இருந்து வடிவம் வட்டத்திலிருந்து சதுரத்துக்கு மாறியிருந்தால் புதிதாக வரைய வேண்டும்.